இன்னைக்குத் தட்டு

அந்தப் பைய மேல தூக்கி வைக்க வேண்டாம் அண்ணாச்சி, நசுங்கிரும். என் மடியிலயே இருக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல, மாம்பழம்தான். வாசனை தூக்குதா? தூக்கத்தான் செய்யும். எல்லாம் இன்னைக்கே திங்க வேண்டிய பழம், நாளைக்குன்னா ஆகாது. நீங்க திருநவேலி ஜங்ஷனா? நான் அதுக்கு முன்னால, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. சீக்கிரம் போய்ச் சேரணும். இந்த பஸ் டிரைவர் என்னடான்னா ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்குன்னு ஊர்ந்துக்கிட்டுப் போறான்.

என் வீட்டுக்காரிக்குக் கால்ல புண்ணு. வலது கால். ரெண்டு விரல எடுக்கணும்னு முடிவாயிட்டு. விரலோட நிறுத்திக்கிடலாமா, இல்ல பாதத்தையும் எடுக்கணுமான்னு இன்னைக்குத்தான் சொல்லுவாவ. பெரிய டாக்டர் மத்தியானத்துக்கு முன்ன வந்து கட்டைப் பிரிச்சுப் பாப்பாராம். நான் அங்கன நிக்கணும். மகன் கைலாசம் மெட்ராஸ்லேருந்து வந்து கூட இருக்கான், இல்லன்னு சொல்லல. ஆனா அவனுக்கு என்ன தெரியும் அவ உடம்பப் பத்தி? எல்லாம் பாத்தது நானு. ஏன் இப்படிப் பறக்கான்னு பாக்கியளா? பயந்தான், வேற என்ன. அவ நடந்து வராத வீட்ட என்னால நெனச்சே பாக்க முடியல.

சுகர் அண்ணாச்சி. ரொம்ப வருசமா இருக்கு. ஆனா நான் அவள இஷ்டத்துக்கு விட்டு வச்சவன் இல்ல. காலையில கேப்பைக் களி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி கோதுமை ரவை. நானே அளந்து வைப்பேன். இன்சுலின் ஊசி நாந்தான் போடுவேன். சீனி டப்பா என் பீரோவுக்குள்ள இருக்கு, சாவி இன்னா, இடுப்புல. கல்யாண வீட்டுக்குப் போனா அவ எலையில வச்ச லட்டை எடுத்து என் எலையில போட்டுக்கிடுவேன். பாக்கவங்க சிரிப்பாவ. சிரிச்சா சிரிக்கட்டும். இனிப்புன்னு ஒரு துண்டு அவ வாயில வச்சு நான் பாத்ததே கெடையாது.

அப்படி இருந்தும் ஏறும். அதுலயும் வெயில் காலத்துல ஏறும். வருசா வருசம் சித்திரையில ஏற ஆரம்பிக்கும், வைகாசியில உச்சம், ஆடியில தானா எறங்கிரும். சூட்டு உடம்பு அவளுக்கு. செம்பு செம்பாத் தண்ணி குடிப்பா, அப்பவும் தாகம் அடங்காது. எங்க ஊரு டாக்டரும் ஊசி அளவக் கூட்டிக்கிட்டே போனாரு. வீட்ல என்ன சாப்பிடுதாவன்னு கேப்பாரு, நான் சொல்லுவேன். நீங்க சொல்லுங்கம்மான்னு அவளக் கேப்பாரு. அவுக சொன்னதுதான் சார்னு சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிடுவா. அடக்கமான பொம்பள.

என் பேரு ஆவுடைநாயகம். நூல் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்து ரிட்டயரானவன். என் சர்வீஸ்ல ஒரு போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடந்துதுன்னு யாரும் விரல் நீட்டினதில்ல. மொதல்ல வந்தது மொதல்ல போகணும். பழசு இருக்கையில புதுசுல கை வைக்கப்படாது. ஸ்டோர்னா அவ்வளவுதான். மில்லுக்கும் அதுதான், வீட்டுக்கும் அதுதான்.

எங்க வீடு தென்காசிக்கு மேக்க. பின்னால சப்பட்டை ஜாதி மாமரம் ஒண்ணு நிக்கி. வீடு கட்டுன வருசம் உலகம்மை கொண்டாந்து நட்ட கன்னு. உலகம்மைதான் என் வீட்டுக்காரி. இப்ப மரம் மாடிக்கு மேல போயிட்டு. காய் எறக்க ஆளு வருவான். தரையில விழப்படாது, வலையில எறக்கணும். காம்போட எடுத்து, பால் வடியத் தலகீழாச் சாச்சு வைக்கணும். பெறவு உள்ரூம்ல வைக்கோலப் பரத்தி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கணும். காலையில எந்திரிச்சதும் எனக்கு மொத சோலி அதுதான். ஒவ்வொண்ணாப் பெரட்டி, காம்புக்கிட்ட பெருவிரல வச்சு லேசா அமுக்கிப் பாப்பேன். கெட்டியா இருந்தா பின்வரிசை. கொஞ்சம் இளகிட்டுன்னா முன்வரிசை. நல்லா அமுங்கி, கரும்புள்ளி விழ ஆரம்பிச்சுட்டுன்னா அது தட்டுக்கு.

தட்டுன்னா இன்னைக்குத் தட்டு. எங்க கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளம். அன்னன்னைக்குத் தின்னு தீக்க வேண்டியது அதுல வந்துரும். அந்தி வெளக்கு ஏத்துததுக்குள்ள தட்டு காலியாயிரணும். தட்டுல ஒரு பழம் இருக்கையில வைக்கோல்ல இருக்கத யாரும் தொடப்படாது. கைலாசம் சின்னப்பிள்ளையா இருக்கையில இதுக்கு அழுவான். புள்ளியில்லாத பழமா ஒண்ணு தாங்கப்பாம்பான். பொறுடே, அதுவும் தட்டுக்கு வரும், அப்பத் தின்னுன்னு சொல்லுவேன். வரும்போது அதுலயும் புள்ளி விழுந்திருக்கும்லான்னு திருப்பிக் கேப்பான். வாயாடிப் பய. சின்னதுலேருந்தே அப்படித்தான்.

இப்பவும் போன்ல சொல்லுவான், ஃபிரிட்ஜ்ல வைங்கப்பான்னு. ஃபிரிட்ஜ்ல வச்ச மாம்பழம் பழமா? வாசனையும் செத்து, தோலும் சுருங்கி, வாயில போட்டா ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல பாலும் ஊசி மருந்தும்தான் இருக்கும். வேற எதையும் நான் அண்ட விடமாட்டேன்.

அக்கம்பக்கம் குடுக்கலாமேங்கிய. குடுத்தேன் அண்ணாச்சி, குடுக்காமலா? பக்கத்து வீட்டுல தங்கபுஷ்பம் டீச்சர்னு ஒருத்தி. இவளும் அவளும் சுவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு மணிக்கணக்காப் பேசுவாளுவ. ஒரு வருசம் கூடை நெறைய இவ குடுத்து விட்டா, நான் பொறுக்கித் தந்த பழம். மறுநா பஞ்சாயத்துக் குப்பை வண்டி வருது, எங்க பழம் அதுல கெடக்கு. என் கண்ணால பாத்தேன். அழுகிட்டு அண்ணாச்சி, அதான் போட்டேன்னு சொல்லுதா. அழுகலையா குடுத்தோம்? தட்டுல உள்ளது, அன்னைக்கே தின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அன்னைக்குச் சொன்னதுதான். எங்க மரத்துப் பழம் இனி எங்க காம்பவுண்டத் தாண்டப்படாது. யாருக்கும் கெடையாது. உலகம்மை ஒரு வார்த்த எதுத்துப் பேசல. டீச்சரோட பேச்சையும் அவளே கொறச்சுக்கிட்டா.

தூக்கிப் போடுதது மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. ஒருக்க உரக்குழியில சாம்பலக் கிண்டிப் பாக்கேன், முழுசா மூணு நாலு பழம் அடியில பொதைஞ்சு கெடக்கு. மேல சாம்பலப் போட்டு மூடியிருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. அடிக்கல அண்ணாச்சி, கை நீட்டுத ஆளு இல்ல நானு. அவ கையால சாப்பிடல. ஓட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு, வீட்ல அவளோட ஒரு வார்த்தை பேசாம திரிஞ்சேன். ஊரு முச்சூடும் கேட்டாவ, என்ன அண்ணாச்சி, மதினிக்கு உடம்பு சரியில்லையான்னு. கடைசியில அவ வந்து தூணப் பிடிச்சிக்கிட்டு நின்னு அழுதா. இனிமே ஒரு பழம் வீணாகாது, சாப்பிட வாங்கன்னா. அதோட சரி. சொன்ன சொல்லக் காப்பாத்தினா, அதச் சொல்லணும். அதுக்குப் பெறவும் காலையில குழியக் கிண்டிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கொட்டையும் தோலும்தான் கெடக்கும், அதுவும் பல்லு பட்டு வெள்ளையாக் கெடக்கும்.

வண்டி நின்னுட்டா? என்னவாம்? ரோலர் குறுக்க நிக்குதா? சரியாப் போச்சு. டாக்டர் கட்டப் பிரிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாருன்னா நான் யாருட்ட என்னத்தக் கேக்க? இந்த ஜன்னலத் தொறங்க அண்ணாச்சி, மூச்சு முட்டுது.

ஆமா, தட்டச் சொன்னேன்லா. சாயங்காலம் நான் கோயிலுக்குப் போயிட்டு, அப்படியே வாசகசாலையில பேப்பர் பாத்துட்டு, வெளக்கு வைக்கையில வீட்டுக்கு வருவேன். வந்ததும் கால் கழுவுததுக்கு முன்ன தட்டத்தான் பாப்பேன். கழுவி, தொடச்சு, மேசையில கவுத்தி வச்சிருப்பா. அந்தக் கவுத்தின தட்டப் பாத்தா எனக்கு மனசு நெறஞ்சிரும். ஏளா உலகு, நீ கெட்டிக்காரிளான்னு சொல்லுவேன். அவளும் சிரிப்பா. செவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, செம்புத் தண்ணியக் குடிச்சுக்கிட்டே சிரிப்பா. மத்தபடி நான் அவளப் பாராட்டிப் பேசுத ஆளு இல்ல. மில்லுல இருந்தவனுக்கு அதெல்லாம் வராது.

யாரு தின்னாவன்னா கேக்கிய? என்ன அண்ணாச்சி கேள்வி இது. எனக்கு ஒரு துண்டுக்கு மேல ஆகாது, வயித்தக் கலக்கிரும். கைலாசம் மெட்ராஸ்ல இருக்கான். வீட்ல ரெண்டே பேருதான். ஆளு கொறஞ்சுட்டுன்னு மரத்துக்குத் தெரியுமா, அது இந்த வருசம் கண்டமேனிக்குக் காச்சுத் தள்ளிட்டு. வீடுன்னா பூக்காரி வருவா, கீரைக்காரி வருவா, நான் இல்லாத நேரம் பாத்து யாருக்காவது குடுத்திருப்பா. சொல்ல மாட்டாதான், எனக்குக் கோவம் வரும்னு தெரியும்லா. தோலும் கொட்டையும் எங்க குழியிலதான கெடந்துதுங்கிய. வாசப்படியில உக்காந்து தின்னுட்டுப் போட்டுட்டுப் போயிருப்பாளுவ. நான் அதெல்லாம் கேட்டதில்ல. ஸ்டோர்லேருந்து சாமான் வெளிய போயிட்டுன்னா, அத எந்த மெஷின்ல மாட்டினாவன்னு ஸ்டோர் கீப்பர் கேக்க மாட்டான். தட்டு காலியாயிட்டா? ஆயிட்டு. அம்புட்டுதான்.

சித்திரைக் கடைசியில அவளுக்குப் பெருவிரல் ஓரம் ஒரு கொப்புளம். செருப்புக் கடிச்சிருக்கும்னு மஞ்சப் பத்துப் போட்டா. ஆறல. அடுத்த விரலுக்கும் பரவி, கறுத்துப் போச்சு. எனக்குத் தெரியாம சேலையால மூடி மூடியே நடந்திருக்கா. ஒருநா அந்தியில வாரேன், தட்டு கவுத்தல. பாதி பழம் அப்படியே கெடக்கு. எனக்கு வந்த கோவத்துல, ஏளான்னு சத்தம் போட்டுக்கிட்டே அடுக்களைக்குப் போறேன், அவ தரையில கெடக்கா. காச்சல் அனலா அடிக்கி. கண்ணு சொருகிட்டு. கை முழுக்க மாம்பழச் சாறு பிசுபிசுங்குது. அந்த நேரத்துலயும் வீட்டு வேலதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா பாருங்க.

ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போறோம். என் கையப் பிடிச்சுக்கிட்டு என்னமோ முனங்குதா. குனிஞ்சு காதக் குடுத்தேன். "கோவப்படாதிய. இன்னைக்குத் தட்டு என்னால முடியல"ன்னா. எனக்கு அழுக வந்துட்டு அண்ணாச்சி. சாகக் கெடக்கா, வீட்ட நெனைக்கா. இப்படி ஒரு பொம்பள யாருக்குக் கெடைக்கும்? தட்டு கெடக்கட்டும்ளா, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேனா, அதான் தெனமும் திருநவேலிக்கும் வீட்டுக்குமா அலையுதேன். கைலாசத்துக்குக் கோவம். அம்மா இப்படிக் கெடக்கையில மாங்காயப் பெரட்டப் போறியளாங்கான். அவ நட்ட மரம், அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அது அவனுக்குப் புரியாது.

ஆனா அதுலதான் ஒரு வெசயம் எனக்கு வெளங்கவே மாட்டேங்குது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. அவ ஆஸ்பத்திரியில படுத்ததுலேருந்து எங்க வீட்ல பழம் அழுகுது. அழுகுதுன்னா, தட்டுலயே அழுகுது. காலையில எடுத்து வச்சது சாயங்காலம் கெடக்கு, மறுநாளும் கெடக்கு, அதுக்கு மேல புதுசு வந்து சேருது, கொசுவு மொய்க்கி. வீட்டுக்குள்ள நொழைஞ்சா சாராய வாடை. இத்தன வருசத்துல நடக்காதது. அதே வைக்கோல்தான், அதே ரூம்தான், அதே கைதான் பெரட்டுது. ஒரு கொறையும் வைக்கல. நேத்து மொதமொதலா நானே குழி வெட்டிப் பொதைச்சேன். பொதைக்கையில கை கூசிட்டு அண்ணாச்சி. சாரல் இந்த வருசம் முந்திட்டுல்லா, ஈரக்காத்து, அதனாலதான்னு நெனைக்கேன்.

இருங்க, போன் அடிக்கி. கைலாசந்தான். சொல்லுடே. என்ன? வந்துட்டாரா? மெதுவாச் சொல்லு, ஒண்ணும் கேக்கல. விரலோடயா? பாதத்துக்குப் போகலியா? நல்லாக் கேட்டியாடே? ம். ம். சுகரா? எம்புட்டுக்கு எறங்கிட்டு? அப்படியா? சரி. அதான் சொன்னேன்ல, கேப்பையும் ரவையும்தான். ஏன் திரும்பத் திரும்ப அதையே கேக்க? அம்மா என்ன சொன்னா? அழுதாளா? எதுக்கு அழுதா? நீ என்னத்தையும் கேட்டு அவளப் படுத்தாத. நான் இன்னா வந்துட்டேன்.

விரலோட போச்சு அண்ணாச்சி. பாதம் தப்பிச்சுட்டு. தென்காசிக் கோயில் உலகம்மன் கண்ணத் தொறந்துட்டா. இருங்க, கண்ணத் தொடச்சுக்கிடுதேன். சுகர் நல்லா எறங்கிட்டாம். இது இப்படியே நின்னாப் புண்ணு ஆறிரும், மறுபடி ஏறிச்சுன்னாப் பாதம் நிக்காது, வீட்டுக்குப் போனாலும் பாத்துக்கிடணும்னு டாக்டர் கண்டிச்சுச் சொன்னாராம். இத நீங்களே கேளுங்க. அங்க குடுக்கதும் அதே கேப்பைதான், அதே ரவைதான். ஊசியும் அதே ஊசிதான், இன்னும் சொல்லப்போனா அளவக் கொறச்சிருக்காவ. வீட்ல நான் அளந்து அளந்து வச்சு எறங்காத சுகர் அங்க சும்மா படுத்துக் கெடக்கையில எறங்குது. அங்க என்னடான்னா அவளுக்குச் சுகர் எறங்குது, இங்க என்னடான்னா வீட்ல பழம் அழுகுது. ரெண்டுக்கும் எனக்குக் காரணம் பிடிபடல.

என்ன அப்படிப் பாக்கிய? நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?

எங்க கொண்டு போறேனா, இந்தப் பழத்தையா? அவளுக்குத்தான். இன்னைக்குத் தட்டுல உள்ளது. காலையில பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தேன். இதையும் குழியில போட எனக்கு மனசு வரல. அவளும் இத்தன நாளா மரத்துப் பழத்தக் கண்ணால பாக்காமக் கெடக்கா. அன்னைக்கு முடியலைன்னு வருத்தப்பட்டாள்லா, இன்னா பாருளா, கொண்டாந்துட்டேன்னு காட்டுவேன். சுகர்தான் எறங்கிட்டே, ஒரு துண்டு நானே என் கையால அறுத்து வாயில வைப்பேன். நட்டவ அவ, ஒருநாளும் ஒரு துண்டு தின்னு நான் பாக்கல. ஒரு துண்டுதான, என்ன செஞ்சிரப் போகுது?

அண்ணாச்சி, ஏன் எந்திரிக்கிய? ஜங்ஷன் இன்னும் வரலியே. பைய எதுக்கு எடுக்கிய? விடுங்க, நசுங்கிரும். உங்களுக்கு வேணும்னா ரெண்டு எடுத்துக்கிடுங்க, நான் வேண்டாங்கல. எல்லாமா? எல்லாத்தையும் எடுத்துட்டா நான் அவ முன்னால வெறுங்கையோடயா போய் நிக்க? எங்க மரத்துப் பழம் வெளிய போனதில்ல, சொன்னேன்லா.

என்னன்னு சொல்லிட்டாவது எடுங்க. கண்ணுல்லாம் கலங்கியிருக்கு உங்களுக்கு. வீட்ல பிள்ளைய நெறையவா? சரி, வச்சுக்கிடுங்க. விரலோட போச்சுன்னு சேதி வந்த நாளு, உங்கட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்க எனக்கு மனசில்ல. ஸ்டாப்பும் வந்துட்டு. அந்தத் தண்ணி பாட்டில மட்டும் எடுத்துக் குடுங்க.

ஆனா ஒண்ணு, இன்னைக்கே தின்னுரணும். வெளக்கு வைக்கதுக்குள்ள. நாளைக்குன்னு வச்சிராதிய, வீணாப் போயிரும். அவ வீட்ல இருக்கையில தட்டுல வச்ச ஒரு பழம் மறுநாளைக்கு இருந்ததில்ல அண்ணாச்சி. நம்பலன்னா எறங்கி வாங்க, அவகிட்டயே கேளுங்க.